வாசல் நிறையச் செருப்பு

யாங்கோனின் அந்தப் பழைய நூலகத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பார்வையாளர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக்காட்டும் நந்தார் மூடிய கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே நடக்கும் கவிதை வாசிப்புக்கு எவ்வளவு கூட்டம் என்று பார்க்க அறங்காவலர் ஊ சோ பைங் வந்திருந்தார். ஆள் சேராவிட்டால் இனிமேல் சுற்றிக்காட்டுவதும் கிடையாது, கவிதை வாசிப்பும் கிடையாது.

"பரவாயில்லையே! உள்ளே எட்டிப் பாக்கட்டுமா?"

"வேணாங்கய்யா. கதவைத் திறந்தா கவிஞர் முதல்லேருந்து ஆரம்பிச்சுடுவார்."

"ஐயோ, வேணாம்மா!" என்று சிரித்தவர், கீழே பார்த்துத் திடுக்கிட்டார். "இந்தச் சிவப்பு வெல்வெட் செருப்பு என் பொண்டாட்டியோடது! பச்சை நூல்ல தெச்சதே நான்தான்."

நந்தார் நகர்ந்து கதவை மறைத்துக்கொண்டாள்.

"பக்கத்துப் புத்த மடத்துல பிரசங்கம்னு சொல்லிட்டு, இங்கே வந்து கவிதை கேக்குறாளா? பேப்பர்கூடப் படிக்காதவளையே இழுத்துட்டியேம்மா! நீ தொடர்ந்து நடத்து."

அவர் கார் தெருமுனையில் திரும்பியதும் நந்தார் கதவைத் திறந்தாள். கவிஞர் தன்னந்தனியாக நின்று, காலி நாற்காலிகளுக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"போதும், நிறுத்துங்கண்ணா! பிரசங்கம் முடியறதுக்குள்ள இந்தச் செருப்பையெல்லாம் மடத்து வாசல்ல திரும்ப வெச்சாகணும்."