ரெண்டு நிமிசம்

“மாசம் பொறந்தா சம்பளம் வருது. அதை விட்டுட்டு சொந்தத் தொழிலா? மூணே மாசத்துல இதே மில்லு வேன்ல திரும்பி வருவ, பாரு” என்றார் சூப்பர்வைசர் தங்கபாண்டி.

“ரெண்டு நிமிசம் லேட்டுன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டைச் சாத்துனவுக நீங்க. இனி உங்ககிட்ட வேலைக்கு வர மாட்டேன்.” முருகலட்சுமி அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், தங்கபாண்டி பாலவனத்தம் நிறுத்தத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். நல்லவேளை, மில் வேன் நின்றிருந்தது. உள்ளே முருகலட்சுமியைக் கண்டதும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நான் சொன்ன மாதிரியே வந்துட்டேல்ல?”

“வந்துட்டேன் சார். வேன் நான் லோனுல வாங்குனது. மில்லு கான்ட்ராக்ட் இப்ப எனக்கு.” ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணியைப் பார்த்தாள். “நீங்க ரெண்டு நிமிசம் லேட்டு.”

உள்ளிருந்த பெண்கள் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.