குடிகாரன் குடித்த தண்ணீர்

காலை பத்து மணி ஆகியும் ஆற்றில் பச்சை வரவில்லை.

பாலத்துக்குக் கீழே, வடிகால் வந்து ஆற்றில் விழும் இடத்தில், மேப் மேடம் கண் கொட்டாமல் நின்றிருந்தாள். நகராட்சியின் மழைநீர் வடிகால்களையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. அதனால் வடிகால் ஆட்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது வருகைப் பதிவேட்டில்தான் பார்க்கலாம்.

மூன்று வருட உழைப்பு. நாலாயிரத்துச் சொச்சம் குழிகள். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, ஆழம் அளந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கோடு இழுத்தாயிற்று. எல்லாக் கோடும் எங்கெங்கோ சுற்றி ஆற்றில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒன்று மட்டும் சேரவில்லை. சந்தை முக்கில் இருக்கும் 412.

முப்பத்தெட்டுத் தெருக்களின் மழை அதற்குள் இறங்குகிறது. வெளியே போக வழி தெரியவில்லை. திரையில் அது மட்டும் சிவப்பாக நின்று அவளை முறைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் குழிகளெல்லாம் ஓர் ஆள் ஆழம். இதில் கயிற்றில் கட்டி விட்ட குண்டு ஆறு ஆள் ஆழம் போய்த்தான் நின்றது. கேமராவை இறக்கினால் சேறு அப்பிக் குருடாகித் திரும்பியது. அடியில் எந்நேரமும் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். எவ்வளவு கொட்டினாலும் ஓர் ஏப்பம்கூட விடாமல் இழுத்துக்கொள்ளும் என்பதால் வடிகால் ஆட்கள் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குடிகாரன்.

இன்று காலை ஆறு மணிக்கு அதில் பச்சைச் சாயப்பொடியைக் கரைத்து, இரண்டு லாரித் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டினார்கள். ஆற்றங்கரையில் இருந்த பதினோரு வடிகால் வாய்களிலும் ஆள் நிறுத்தியிருந்தது.

எந்த வாயிலும் பச்சை இல்லை.

"ஊர்த் தண்ணியையே குடிச்சிட்டு உக்காந்திருக்கிறவன் மேடம் அவன். ஒரு வாளி சாயத்தையா திருப்பிக் குடுப்பான்?" என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி. முப்பது வருடமாக வடிகாலில் இறங்கி ஏறுகிறவர்.

அப்போதுதான் அவள் கைபேசி அதிர்ந்தது. அக்கா. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஏண்டி, எங்க வாசல் கால்வாயில பச்சையாத் தண்ணி போகுது. கண்ணு கூசுது. பிள்ளைங்கள உள்ள இழுத்துப் போட்டுக் கதவச் சாத்திட்டேன். நீ வடிகால் ஆபீஸ்லதான இருக்க, என்னன்னு தெரியுமா?"

"பயப்படாதக்கா. வெறும் சாயம், ஒண்ணும் பண்ணாது." அழைப்பைத் துண்டித்தாள்.

திரும்பி மலையைப் பார்த்தாள்.

பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். பேருந்து அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

தண்ணீர் சுற்றவில்லை. நேராக உள்ளே நுழைந்து போயிருக்கிறது.

யாரோ மலையைக் குடைந்திருக்கிறார்கள். மூன்றரைக் கிலோமீட்டர். எந்தக் கோப்பிலும் இல்லை. துணியில் வரைந்த பழைய படங்களில் இல்லை. உயிரோடிருக்கும் எவர் வாயிலும் வந்ததில்லை.

செயற்கைக்கோளோடு பேசும் கருவி கையில் இருந்தும் ஒரு தெருவின் சரிவைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. அவர்களுக்கு என்ன இருந்தது? ஒரு நூலும், ஒரு குண்டும், ஒரு விளக்கும் இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் உள்ளே போனவர்கள் அந்தப் பக்கத்து வானத்தைப் பார்க்க எத்தனை வருடம் ஆகியிருக்கும்? போனவர்கள்தான் பார்த்தார்களா, அவர்கள் பிள்ளைகளா?

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும், கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மலையை அடியிலிருந்து உச்சிவரை ஒருமுறை மெல்லப் பார்த்தார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "மலையோட கோட்ட நிறுத்திடுங்க மேடம். அந்தப் பக்கம் இழுத்தா நம்ம தலையிலதான் வந்து விடியும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கோடு விழுந்துவிட்டால், அந்தத் தண்ணீர் யாருடையது என்பது எழுத்தில் ஏறிவிடும்.

அவள் டேப்லெட்டைத் திறந்து 412-இன் மேல் விரலை வைத்தாள். இழுத்தாள். சந்தையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, மலைக்குள் போனது கோடு. நகர எல்லையில், 'எல்லைக்கு வெளியே போகிறது, தொடரலாமா?' என்று திரை கேட்டது.

'ஆம்' என்பதைத் தொட்டாள்.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்றது கோடு. சிவப்பு அணைந்தது. நாலாயிரத்துச் சொச்சம் குழிகளும் முதல்முறையாக ஒன்றுபோல நீலமாயின. ஊரே மூச்சு விடுவதுபோல இருந்தது.

பிறகு அக்காவை அழைத்தாள். "மாமா வீட்ல இருக்காராக்கா? ஃபோன அவர்கிட்ட குடு."

போன வருடம் ஒரு மத்தியானம் அந்தக் கால்வாய் திடீரென்று பொங்கி, அக்கா வீட்டுச் சன்னல் வரைக்கும் ஏறியது. கீழ்த்தளத்தில் அக்கா புருஷன் நடத்திவந்த அச்சகம் சேற்றோடு சேறாகப் போனது. பள்ளத்தில் வீடு வாங்கிய புத்திசாலி என்று எல்லாரும் அவரைத்தான் சொன்னார்கள். அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். அவளும் சொன்னாள்.

மாமா மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் சொல்வதையே விட்டுவிட்டார்.

அன்று அவர் ஊரில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்பதை.