தொழுவத்துத் தூசி

அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடித் தொழுவத்தில் வேலை முடிந்து வந்த வேல்விழி, வீட்டு வாசல் குழாயில் கைகால் கழுவிவிட்டாள். கணவன் நீலமேகம் கைக்குழந்தையோடு கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"இன்னிக்கும் கழுவிட்டியா?"

"பழக்கதோஷங்க. இருங்க, மறுபடி போயிட்டு வந்துடறேன்."

பின்னாளில் இளைப்பு வராமலிருக்க, தினமும் அரைமணி நேரம் குழந்தைக்குத் தொழுவத்துத் தூசி வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். மூத்தவள் இழையினியைத் தூசியே அண்டாமல் துடைத்துத் துடைத்து வளர்த்தார்கள். இப்போது ஏழு வயதில், வைக்கோல் வாசனைக்கே அவளுக்கு மூச்சு இழுத்தது.

வேல்விழி மேலே போய் வைக்கோலை உதறினாள், கன்றைக் கட்டிக்கொண்டாள். லிப்டில் இறங்கினால் அதிலுள்ள காற்று வடிகட்டி தூசியை எல்லாம் உறிஞ்சிவிடும். பத்தொன்பது மாடியும் படியிலேயே இறங்கி வந்து, குழந்தையை வாங்கி மாரோடு அணைத்தாள். அது அவள் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இழையினி நின்றிருந்தாள்.

"அம்மா, என்னை எப்பத் தூக்குவே?"

"தம்பிக்கு அரைமணி நேரம் ஆகட்டும்டி. அப்புறம் தலைக்குக் குளிச்சிட்டு உங்கிட்டதான்."

இழையினி சோப்பை எடுத்துவந்து, குளியலறை வாசலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.