ஐந்தாவது டேங்க்

ரிமோட் காரின் பின்சக்கரத்துக்குப் பொறுமை போய்விட்டது. புது எஞ்சினைப் பழக்க வேண்டுமென்று காரைக் கட்டைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான்கு டேங்க் எரிபொருள் தீரும்வரை சக்கரம் அந்தரத்திலேயே சுற்றியது.

"என்னப்பா, வெறும் இருமலும் புகையும்தானா?" என்றது எஞ்சினிடம்.

"உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் இப்பத்தான் உரசிப் பழகுது. சூடாகணும், ஆறணும். அவசரப்பட்டா ரெண்டும் கெட்டுடும்."

"நல்லா சாக்குச் சொல்றே."

ஐந்தாவது டேங்குக்குக் காரைத் தரையில் இறக்கினார்கள். எஞ்சின் ஒருமுறை சீறியது. மைதானமே பின்னால் பறந்தது. கீழே தரை இருக்கிறதா என்றுகூடச் சக்கரத்துக்குத் தெரியவில்லை.

கார் நின்றபிறகும் சக்கரத்தின் ரப்பர் நடுங்கியது. "இத்தனையும் உள்ளே வச்சுக்கிட்டா இருமிக்கிட்டிருந்தே?"

"இது பாதிதான். அடுத்த டேங்க்ல முழுசா ஓடலாம்."

சக்கரம் கட்டையைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் பழகிக்கயேன்," என்றது.