விபத்தில்லாத நூறு நாள்

பெருங்களத்தூர் இரும்புத் தொழிற்சாலையின் வாசல் பலகையில் ‘விபத்தில்லாத நாள்கள்: 100’ என்று எழுதியாகிவிட்டது. புது மேனேஜர் ஏசுதாசன் பூரித்துப்போய், வரிசையில் நின்ற தொழிலாளர்களுக்குத் தன் கையாலேயே லட்டு கொடுத்துக்கொண்டு வந்தார்.

பிரஸ் மெஷின் ஓட்டும் குப்புராஜ் இடது கையை நீட்டினான்.

“என்னய்யா இது? நல்ல நாளும் அதுவுமா இடது கையிலயா வாங்குவாங்க? வலது கையை நீட்டு!”

குப்புராஜ் மேனேஜருக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீட்டுய்யா!”

தோளிலிருந்த துண்டுக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. கட்டுப் போட்டிருந்தது. இரண்டு விரல்கள் இல்லை.

“எப்போ ஆச்சு?” என்றார் ஏசுதாசன்.

“போன வாரம் சார். நூறு நாள் முடியட்டும், அப்பால எழுதிக்கலாம்னு சூப்பர்வைசர் சார்தான் சொன்னாரு.”

ஏசுதாசன் வரிசையை ஏறிட்டுப் பார்த்தார். லட்டுக்காக நீண்டிருந்த இன்னும் நாலு இடது கைகள் மெல்லக் கீழே இறங்கின.