ஓட்டியது யார்?

"நான்தான் சார் ஓட்டினேன்," என்றான் வரதன், மூன்றாவது முறையாக.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் எழிலன் நம்பவில்லை. ராயபுரம் பாலத்தடியில் மோதி முகப்பு நசுங்கிய அந்தப் பழங்கால மோரிஸ் காரில், டிரைவர் சீட் ஸ்டீயரிங்கை ஒட்டி நகர்த்தப்பட்டிருந்தது. ஆறடி வரதனுக்கு அதில் முழங்கால்கூட நுழையாது. மனைவி ஓட்டியிருப்பாள், அவளுக்கு லைசென்ஸ் இருக்காது!

"பொய் சொன்னா கிளெய்ம் வராதுங்க."

வீட்டுக்குள்ளிருந்து வந்த அவன் மனைவி வேம்பு தன் லைசென்ஸை நீட்டினாள். "ஓட்டினது நான்தான் சார்."

எழிலன் திகைத்தான். "லைசென்ஸ் இருக்கே! அப்புறம் எதுக்குய்யா பொய்?"

"வண்டி எங்க நைனாவோடது சார். இவ இடிச்சிட்டான்னு தெரிஞ்சா சாவிய வாங்கிக்கினு அப்பால தரவே மாட்டாரு. இவளுக்கு ஓட்டுறதுன்னா உசுரு," என்றான் வரதன்.

"சாவி போனா போவட்டும்யா," என்றாள் வேம்பு. "நான் ஓட்டினத நீ ஓட்டினதா சொல்லாத."