நண்டு டாக்டர்

"இன்னாம்மா டாக்டரு, போவலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

ஊர்த் தலைவர் மண்ணாங்கட்டி கேட்டதும் மீன் ஏலக் கொட்டகை அடங்கியது.

கார்குழலி மைக்கை இறுகப் பிடித்தாள். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய இந்தக் குப்பத்தின் ஊர்க்கூட்டத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் பேசியதில்லை. பெண்கள் வெளியே நின்று கேட்பார்கள், அவ்வளவுதான். இங்கே பிறந்து, இந்தக் கழிமுகத்து நண்டுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளை மட்டும் உள்ளே அழைத்து நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதுவரை பேசியதில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் எவ்வளவு, சேற்றிலிருந்து நண்டுக்குள் போனது எவ்வளவு. எல்லாம் தன் கையால் அறுத்துப் பார்த்தவை.

இது வேறு கேள்வி.

குப்பத்தைக் காலி செய்தால் கரையிலிருந்து வெகு உள்ளே, கடல் வாடையே எட்டாத இடத்தில் அடுக்குமாடி வீடு தருவதாக அரசாங்கம் சொல்கிறது. அங்கே போய் இவர்கள் எதைப் பிடித்து, எதை விற்றுப் பிழைப்பார்கள்? அவளுக்குத் தெரியாது.

"போயிடலாம் மாமா," என்றாள்.

படித்த பிள்ளையே சொல்லிவிட்டது. பல முகங்களில் குழப்பம் தீர்ந்துபோனது.

"அக்கா, ஒரு டவுட்டு." தூணில் சாய்ந்திருந்த செங்குட்டுவன் கேட்டான். "நண்டு வயித்துல இன்னா கீதுன்னு நீ சொல்லு, ஒத்துக்கறேன். நாங்க எங்க குடியிருக்கணும்னு எந்த நண்டு சொல்லுச்சு?"

சிரித்தார்கள். "ஒம்போதாவது பெயிலு டாக்டரயே கேள்வி கேக்குது பாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கம்முனு குந்துடா."

அவன் கேட்பதுதான் நியாயம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியைக் கார்குழலி விட்டுவிட்டாள்.

"கை தூக்குங்கப்பா," என்றார் தலைவர்.

வீட்டுக்கு ஓர் ஆண் கை. ஒரு கை குறைந்தாலும் ஊர் நகராது.

கைகள் எழுந்தன. தயங்கியவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தன. புதுப் படகு வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினார்.

செங்குட்டுவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சத்தியமா சொல்லுக்கா. போறதுதான் நல்லதுன்னு உன் படிப்பு சொல்லுதா?"

அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை. அதுதான் அவளை அறுத்தது. ஆதாரமில்லாமல் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியவளில்லை அவள்.

"சொல்லுது, குட்டு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு அவன் கையும் மேலே போனது.

கைத்தட்டலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எந்த முகத்தையும் பார்க்க முடியாமல் அவள் வெளியே பார்த்தாள்.

பெண்களுக்கு நடுவே அவள் அம்மா பூவம்மா நின்றிருந்தாள். மகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்க வந்தவள், இருமல் பிடித்து, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பற்றிக் குனிந்துவிட்டாள்.

போன வாரம் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில், அம்மாவின் உடம்பு இந்தக் காற்றில் இன்னொரு வருடம் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே, வெளியூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடும்படி கார்குழலி அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"ஊரே காலியாச்சுன்னா சொல்லு, வர்றேன். அதுக்கு முன்னாடி என்னைக் கூப்புடாத."